மேடையில் பிரிந்த கட்டு

எங்கள் அண்ணிக்குத் தெருவில் வைத்த பெயர் பஞ்சம்மா. அவள் வாய்க்குள் போகிற எந்தச் சொல்லும் பஞ்சு சுற்றிக்கொண்டுதான் வெளியே வரும். ஆஸ்பத்திரியில் அவளுக்கு மொழிபெயர்க்கிற வேலை. டாக்டர்கள் பேசுவது ஊர்க்காரர்களின் பாஷை. பிழைக்க வந்த எங்கள் ஆட்களுக்கு அதில் 'வா', 'போ', 'தள்ளு' தவிர ஒன்றும் தெரியாது. அண்ணி அதே ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவிய காலத்தில், சமையல்காரர்களிடம் வசவு வாங்கி வாங்கியே அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டாள்.

"இப்படியே தின்னுக்கிட்டிருந்தா செத்துத் தொலைவான்" என்று டாக்டர் எரிந்து விழுந்தால், "கொஞ்சம் வாயைக் கட்டச் சொல்றாருண்ணே, உங்க மேல அவ்வளவு அக்கறை" என்பாள். "இந்த ஆளு படிச்சுத்தான் டாக்டர் ஆனானா?" என்று நோயாளி கேட்டால், "இன்னொரு தடவை விளக்கிச் சொல்லணுமாம் ஐயா" என்று அந்தப் பக்கம் போகும். "இவ என்னைத் திட்டினா, சாப்பிடக் கூப்பிடறாளோன்னு கையைக் கழுவிட்டு உக்காந்துடறேன்டா" என்பான் என் அண்ணன். நாங்கள் சிரிப்போம். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் முகம் முறியாமல் வைத்தியம் நடந்தது அவளால்தான்.

எங்கள் ஆட்களைப் பார்ப்பதற்கென்று வாரத்தில் ஒரே நாள், செவ்வாய்க்கிழமை. அந்த ஒரு நாளை ஒதுக்கியதற்காக ஆஸ்பத்திரி டைரக்டருக்கு விருது வந்தது. சிறுபான்மை மக்களின் உடல்நலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைத்த தலைவராம். விழாவை எங்கே வைத்தார்கள் தெரியுமா? எங்கள் ஆட்கள் காத்துக் கிடக்கும் அதே கூடத்தில். என்றைக்கு? செவ்வாய்க்கிழமை. முந்தின செவ்வாயும் விழாவுக்காகப் பெயின்ட் அடிக்கிறோம் என்று கதவைப் பூட்டிவிட்டார்கள். பேச்சு பல்லக்கு, தம்பி கால்நடை! 'இன்று நோயாளிகளைப் பார்ப்பதில்லை' என்று கதவில் ஒட்டிய தாளாவது எங்கள் எழுத்தில் இருந்ததா? அதுவும் ஊர் பாஷை. த்தூ!

மைக் செட் போடுவது என் பிழைப்பு. அந்த விழாவுக்கும் நான்தான் போட்டேன். ஒயரை இழுத்துக்கொண்டு போகும்போது பார்க்கிறேன், அந்தத் தாளுக்கு நேர் கீழே பக்கத்து வீட்டு மூட்டைக்கார அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், சர்க்கரை வியாதிக்காரர். பாதத்தில் புண். 'தள்ளிப் போடாதே, கால் போய்விடும்' என்று டாக்டர் ஏற்கனவே எச்சரித்திருந்தார். போன வாரம் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், இந்த வாரமும் நொண்டிக்கொண்டே வந்துவிட்டார்.

விழா நடத்துகிற அம்மாளுக்கு வேறொரு கவலை. மேடையில் நன்றி சொல்லப் 'பயனடைந்தவர்' ஒருவர் வேண்டும். ஏற்பாடு செய்திருந்த ஆள் வேலைக்குப் போய்விட்டான், புத்திசாலி. அந்த அம்மாள் மூட்டைக்கார அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரே போதும்." பிடித்துக்கொண்டுபோய் மேடையில் உட்காரவைத்து, அழுக்குக் கட்டு தெரியாமல் காலுக்கு முன்னால் ஒரு பூந்தொட்டியை நகர்த்தினார்கள்.

மேடையில் மொழிபெயர்க்க வந்திருந்த அண்ணியிடம் அந்த அம்மாள், "ரெண்டு வார்த்தை நன்றி, அவ்வளவுதான். நல்லபடியா முடிஞ்சா உங்க ஆளுங்களுக்கு வாரத்துல இன்னொரு நாளும் டைரக்டர் அறிவிக்கப் போறார். கெடுத்துடாதீங்க" என்றாள். அண்ணி மூட்டைக்காரரிடம், "முன்வரிசை முழுக்க டாக்டருங்கதான்ணே. முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்றாள்.

டைரக்டர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். பிறகு மைக் மூட்டைக்காரரிடம் வந்தது.

"ஐயா, கால் அழுகிப்போச்சு. நாத்தம் எனக்கே தாங்கல. போன வாரமும் வந்தேன், பூட்டியிருந்துச்சு. இங்க யாராவது ஒருத்தர் இப்பவே பாத்துடுங்க. கால் போயிட்டா மூட்டை தூக்க முடியாது. புள்ளைங்க பட்டினி கெடக்கும்."

அண்ணி டைரக்டரைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு ஊர் பாஷையில் சொன்னாள்: "இந்த ஆஸ்பத்திரியை நம்பித்தான் காலையே ஒப்படைச்சிருக்காராம். எல்லாருக்கும் நன்றி சொல்றார்."

கூடமே எழுந்து நின்று கை தட்டியது. எனக்கு இரண்டு பாஷையும் அரைகுறையாகவாவது தெரியும். மறைப்பானேன், அந்த நேரத்தில் அண்ணி மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

மூட்டைக்காரருக்கு என்ன தெரியும்? கேட்டதற்குச் சரியென்றுதான் தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். முகமெல்லாம் மலர்ந்துபோய் எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டார். குனிந்து பூந்தொட்டியைத் தள்ளிவிட்டு, டாக்டர்கள் பார்க்கட்டும் என்று கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.

நாற்றம் முன்வரிசைக்கு எட்டியதும் கைதட்டல் நின்றது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. ஏற்றத்தாழ்வைக் குறைத்த தலைவர் ஒரு கையில் விருதையும் மறு கையில் மூக்கையும் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "மைக்கை அணைப்பா!" என்று என்னிடம் சீறினாள் அந்த அம்மாள். அதற்குள் அண்ணி மைக்கைப் பிடுங்கிவிட்டாள். அழுகல், நாற்றம், பூட்டு, பட்டினி என்று அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஊர் பாஷையில் கொட்டினாள். நான் அணைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் டாக்டர் மட்டும் ஓடி வந்து, மண்டியிட்டுக் காலைப் பார்த்தார். உடனே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். போன வாரமே பார்த்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்குமாம். இப்போது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வாரத்தில் இன்னொரு நாளா? அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. மறுநாள் பேப்பரில் டைரக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். மானங்கெட்ட சிரிப்பு.

அண்ணியோடு நானும் வார்டுக்குப் போனேன். மூட்டைக்காரர் போர்வையின் தட்டையான பக்கத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சாத்துக்குடி உரித்துக் கொடுத்தாள் அண்ணி. வாங்கிக் கையிலேயே வைத்திருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்கு எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்களே. நான் கால் அழுகுதுன்னு சொன்னதுக்கா தட்டினாங்க?"

அண்ணி தலையைத் தூக்கவில்லை.

"இல்லண்ணே. நான் சொன்னதுக்கு."