சாராளின் இடம்

போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் சாராள் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். வேலை என்பது உட்காருவது. இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி, மடியில் காய் கொட்டிய சொளகு. வெடித்த காய், வெளுத்த காய், சிறுத்த காய் எல்லாம் தனித்தனியாகப் போகும். முதல் தரம் பிரிக்கிறவளுக்கு வடக்குச் சன்னலோரம் இடம். வெளிச்சம் அங்கேதான் சீராக விழும். அது சாராளின் இடம்.

தன் முன்னால் கொட்டிய குவியல் முடியுமுன் எழுந்தால், மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவள் இழுத்துக்கொள்வாள். இரண்டு நாள் அப்படி நடந்தால் இடமும் அவளுக்குப் போய்விடும். இதை யாரும் வாயால் சொன்னதில்லை.

2005 சித்திரையில் ஒரு நாள் சாராளால் எழ முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். டாக்டர் இடுப்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்தைவிட மெதுவான பயிற்சிதான் உதவும் என்றார். முதலாளி சுந்தர்ராஜ் அவள் போகும் கிறிஸ்தவச் சபைக்காரர்.

"ஆவணியில புதுக்காய் வந்துரும், சாராக்கா. அதுக்குள்ள நாள் பூரா உக்கார முடிஞ்சா வாங்க. அதுவரைக்கும் அங்கன ஒங்க பக்கத்துச் சுருளியம்மா இருக்கட்டும்."

முதலில் தேனியில் பிசியோதெரபி. படம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார்கள். படுத்துக் காலைத் தூக்க வேண்டும், பத்து எண்ண வேண்டும், இறக்க வேண்டும். சாராளுக்கு அது பிடித்திருந்தது. எண்ணிக்கொண்டிருந்தால் வலி தெரியவில்லை. கிட்டங்கியிலும் அப்படித்தான், கை ஓடுகிற ஓட்டத்தில் உடம்பு மறந்துபோகும். ஆனால் ஒரு மாதம் கழித்தும் தரையில் அரைமணிக்கு மேல் இருக்க முடியவில்லை.

அடுத்து, சபைப் பெண்களோடு காலை நடை. மூன்று வாரம் அவர்களுடைய மருமகள்களைப் பற்றித் தெரிந்துகொண்டாள். கால் லேசானது. இடுப்பு அப்படியே இருந்தது.

கடைசியில் கல்யாண மண்டபத்து யோகா வகுப்புக்குப் போனாள். நடத்தியவர் ஒச்சாண்டி, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சூரியனைக் கும்பிடுவது நமக்கு ஆகாது என்று சுந்தர்ராஜ் சொல்லியிருந்ததை ஒச்சாண்டியிடம் தயங்கிச் சொன்னாள்.

"அப்ப மேக்க பாத்துச் செய்யுங்க. இடுப்புக்கு ஏது கெழக்கும் மேக்கும்?"

இருபது பேர் கிழக்குப் பார்த்து நிற்க, அவள் மட்டும் அவர்களைப் பார்த்து நின்றாள். "சாராக்கா நமக்கு டீச்சராட்டம் நிக்கிறாக" என்று பின்வரிசையில் ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

ஒச்சாண்டி எண்ண விடவில்லை. "எங்கன இழுக்குதுன்னு மட்டும் பாருங்க. வலிச்சா அதோட நிறுத்திருங்க."

முதல் வாரம் எங்கே இழுக்கிறது என்றே தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. குனியும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறாள். வலது பாதம் முதலில் மரக்கிறது, அடுத்து கெண்டைக்கால். ஆவணி பிறந்தபோது முதுகு நிமிர்ந்திருந்தது. தரையில் உட்கார முடிந்தது. கிட்டங்கிக்குத் திரும்பிப் போனாள்.

சுருளியம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். "வாங்கக்கா. ஒங்க எடத்தச் சூடாவே வச்சிருக்கேன்."

முதல் குவியல் முடிந்தது. இரண்டாவதின் பாதியில் பாதம் மரக்க ஆரம்பித்தது. முன்பும் இதே நேரத்தில் மரத்திருக்க வேண்டும். அப்போது தெரியவில்லை. இப்போது கட்டைவிரலிலிருந்து இடுப்புவரை அது ஏறி வருவது தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கைக்கு அது அடங்கவில்லை. எழுந்து நின்றாள்.

சுருளியம்மாள் குவியலைத் தொடாமல் இருந்தாள். "வெரசா உக்காருங்கக்கா. மொதலாளி பாக்குறாக."

மறுநாளும் எழுந்தாள். இந்த முறை சுருளியம்மாள் தலையைக் குனிந்துகொண்டே குவியலை இழுத்துக்கொண்டாள்.

சாராள் முதலாளியிடம் போனாள். "ஒரு மேசை போட்டுக் குடுத்தீகன்னா, நின்னுக்கிட்டே பாப்பேன்."

"ஒங்களுக்குப் போட்டா முப்பது பேருக்கும் போடணும்க்கா." சுந்தர்ராஜ் கடுமையாகச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம ஒங்களுக்காக ஜெபிக்கச் சொல்றேன்."

அன்று வேலை விட்டதும் வாசலில் சுருளியம்மாள் காத்திருந்தாள். ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது.

"யக்கா, அந்த யோகா எத்தன மணிக்கு? எனக்கும் இப்பிடி உள்ளுக்குள்ள புடிக்குது."

சாராள் அவளுடைய கையைப் பார்த்தாள்.

"காலையில அஞ்சரைக்கு" என்றாள். பிறகு சொன்னாள்: "இப்பப் போகாத. சீசன் முடியட்டும். போனா எங்கன இழுக்குதுன்னு தெரிஞ்சுரும், அப்பறம் ஒன்னாலயும் உக்கார முடியாது."