சாவி கரையில், பெட்டி படகில்

“கைக்குடி உனக்கு இந்த வேலை? ரயில்ல ஜன்னல் சீட்டு கிடைக்கலன்னாலே வாந்தி எடுக்கிறவ, கப்பல்ல போய் இன்னா பண்ணுவ? நக்கோ, பேசாம கச்சிபௌலி பக்கம் ஒரு ஆபீஸ்ல சேந்துக்க.”

எனக்குப் பயணிகள் கப்பலில் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் என் அத்தை சொன்னது இது. அப்பாவின் அக்கா. ஹைதராபாத் திருமுல்கேரியில் எங்களுக்கு அடுத்த வீடு. எதுக்கு என்பதற்குக் ‘கைக்கு’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்று ஊர்ப் பேச்சைக் கலக்காமல் அத்தைக்குத் தமிழ் வராது. அத்தை சொன்னதில் பாதி உண்மை. எனக்கு ரயிலில் வாந்தி வரும். ஆனால் நான் போவதென்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம், கொச்சியில் கப்பல் ஏறிய நாளில்தான் நான் சொல்லப்போகிற விஷயம் நடந்தது.

அதற்கு முன் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். பாலாநகரில் ஒரு பட்டறையில் உதவியாள். அம்மா திருமுல்கேரியில் ராணுவ அதிகாரிகளின் வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைக்கிறாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. இரண்டு பக்கச் சொந்தத்திலும் பள்ளிக்குப் போய், கல்லூரியும் முடித்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் படித்தேன். தமிழை எழுதப் படிக்கப் பிறகு நானாகவே கற்றுக்கொண்டேன். ஓட்டல் நிர்வாகம் படித்ததாலும், இத்தனை மொழிகள் தெரிந்ததாலும், பயணிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மேசையில் வேலை கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு ரயிலில் போவோம். ஒருதடவை வழியில் எங்கள் புதுத்துணிப் பையை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து, யார் பயணம் போனாலும், வழியனுப்ப வருகிறவர் முதலில் ரயில் பெட்டிக்குள் ஏறி, சாமானை இருக்கைக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். சாவியை உடனே கொடுக்க மாட்டார்கள். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள். முன்னாலேயே கொடுத்தால் பேச்சு மும்முரத்தில் எங்காவது வைத்துவிடுவோம் என்று அப்பா சொல்வார். சாவி கைமாறிவிட்டால் விடைகொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் அழக்கூடாது.

கப்பல் நிற்கும் துறைமுகம் கொச்சியில் ஒரு தீவில் இருக்கிறது. சாலையில் சுற்றிக்கொண்டு போனால் காலை நேரத்தில் பெரிய நெரிசல். எறணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசுப் பயணிகள் படகில் ஏறினால் சீக்கிரம் தீவில் இறங்கலாம், அங்கிருந்து துறைமுக வாசலுக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா மட்டும் துணைக்கு வந்தாள்.

படகுத்துறையில் தண்ணீரைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஹுசேன் சாகரைப் பேருந்திலிருந்து பார்த்ததைத் தவிர அவள் பெரிய தண்ணீர் பார்த்ததில்லை.

“நான் இதுல வரமாட்டேன். இங்கயே நின்னு நீ போறதப் பாத்துக்கினு அப்படியே ஸ்டேஷனுக்குப் போயிடுறேன்” என்றாள். அவளுக்குச் சாயங்காலம் திரும்பும் ரயில். துறைமுகத்துக்குள் எப்படியும் விடமாட்டார்கள் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. கப்பலை ஒருமுறை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் மனசுக்குள் ஆசை இருந்தது.

நான் டிக்கெட் வாங்கி வருவதற்குள், கட்டியிருந்த படகில் அம்மா எப்படியோ காலை வைத்து ஏறி, என் பெட்டியைக் கடைசி இருக்கைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தூணோரம் வைத்துவிட்டு இறங்கியிருந்தாள். அவளைப் பொறுத்தவரை கரையில் கட்டியிருக்கிற படகும் பிளாட்பாரத்தில் நிற்கிற ரயிலும் ஒன்றுதான். நான் படகின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அம்மா கரையில் நின்றாள். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு நிற்காதே என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

ரயில் கிளம்பும்போது ஊதும், ஒரு குலுக்கல் குலுக்கும், மெல்ல நகரும். கூடவே நாலு எட்டு ஓடிவரலாம். படகு அப்படி எதுவும் செய்யவில்லை. ஒருவர் கயிற்றை அவிழ்த்தார். பார்த்தால் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் தண்ணீர்.

அம்மா கையைத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் வேகமாக ஆட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் ஆட்டினாள். எங்கள் வீட்டில் யாரும் இப்படிக் கையசைத்து வழியனுப்பியதில்லை. அவள் ஒரு புள்ளியாகிற வரைக்கும் நானும் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே போனேன்.

தீவு வந்தது. எழுந்து போய்ப் பெட்டியை இழுத்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தால், தூணைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

போன் போட்டேன். “அம்மா, சாவி எங்கே?”

“என் கைலதான்டி இருக்குது. அதத்தானே அவ்ளோ நேரம் ஆட்டி ஆட்டிக் காட்டினேன். நீயும் பதிலுக்கு ஆட்டிக்கினே போற.”

கயிறு கட்டுகிறவர் வந்து பார்த்தார். மலையாளி. எனக்குப் புரியட்டும் என்று தமிழ் கலந்து பேசினார். “போட்டுல யாரெங்கிலும் பெட்டி கட்டி வைக்குமா மோளே? கள்ளன் வந்தா எடுத்திட்டு எங்கே ஓடும், தண்ணியிலயா?” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். அப்பா பாலாநகரில் தேடி வாங்கிய பூட்டு, அசையவில்லை. உடைக்கப் படகில் ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட், வேலைக்குச் சேரும் தாள்கள், சீருடை எல்லாம் பெட்டிக்குள். அதை விட்டுவிட்டு இறங்கவும் முடியாது. வேலைக்கு ஏற்பாடு செய்தவரைக் கூப்பிட்டால், மதியத்துக்குள் வாசலுக்கு வராவிட்டால் இந்தப் பயணத்தில் என் பெயர் இருக்காது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கப்பல் அன்று மாலையே கிளம்புகிறது.

“இரி மோளே. இந்த போட்டு அடுத்து கோட்டைக் கரைக்குப் போயிட்டு, திரும்பி அம்மாகிட்டதான் போகும்” என்றார் கயிற்றுக்காரர். படகு நிறுத்தத்தைவிட்டு நகர்ந்தது.

வரும்போது அம்மா நின்ற கரைப் பக்கமே திரும்பியிருந்ததால், அப்போதுதான் கப்பலை முதல்முறை நேரில் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, அடுக்குமாடிகள் ஒரு முழுத் தெருவுக்கு ஒட்டி நிற்பது போல. படத்தில் எத்தனையோ முறை பார்த்த கப்பல். கிட்டே வந்தது, மெதுவாகக் கடந்தது, பின்னால் போனது. நான் சங்கிலி போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேண்டும் என்று அதற்கு முன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த நாளில்கூட அப்படி ஏங்கியதில்லை.

படகு எறணாகுளம் திரும்பியபோது அம்மா படகுத்துறையின் விளிம்பில் நின்றிருந்தாள். கயிற்றுக்காரர் சாவிக்குக் கையை நீட்டினார். அம்மா விரல்களை மூடிக்கொண்டாள்.

“மறுபடி என்னைக் கரையில விட்டுட்டுப் போறதுக்கா? நக்கோப்பா. நான் பூட்டினதை நானே தொறக்கிறேன்.”

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பூட்டைத் திறந்தாள். சங்கிலியை எடுத்துச் சுருட்டினாள். சரி, இறங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னபோது அம்மா தண்ணீரை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“கெளம்பச் சொல்லு. புள்ளைக்கு நேரமாவுது.”

வழியெல்லாம் கண்ணை இறுக மூடியிருந்தாள். என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. “வந்துடுச்சா?” “இல்லம்மா.” “இப்போ?” “கண்ணத் தொறந்து பாரும்மா.”

திறந்தாள். கப்பல் நேர் எதிரே நின்றது.

கழுத்தை நிமிர்த்தி மேல்தட்டு வரைக்கும் பார்த்தாள். பிறகு, “இத்தினி ஜன்னலா? எவடி தொடைப்பா இதெல்லாம்?” என்றாள்.

“நான் இல்லம்மா. எனக்கு மேசையில வேலை.”

“தெரியும். அதுக்குத்தானே உன்னைப் படிக்க வெச்சது.” மறுபடி கப்பலைப் பார்த்து, “உள்ள எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன்.

மதியத்துக்குச் சற்று முன்னால் துறைமுக வாசலை அடைந்துவிட்டோம். அங்கேயிருந்து உள்ளே என்னை மட்டும்தான் விட்டார்கள். அம்மா என் கையைப் பிரித்து, பூட்டின் சாவியை வைத்து மூடினாள். பெட்டியில் பூட்டே இல்லாதபோதும் முறைப்படி கொடுத்தாள். எங்கள் வழக்கப்படி அதற்குப் பிறகு அழக்கூடாது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அந்தப் பிற்பகல் முழுக்கப் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் உட்காரவைத்து, ஆபத்துக் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு கப்பல் கிளம்பிவிட்டது. அடுத்த துறைமுகத்தில்தான் வீட்டுக்குப் பேச முடிந்தது.

அப்பா போனை எடுத்ததும் சிரித்தார். “உங்கம்மா அன்னிக்கு இன்னா பண்ணான்னு அவளையே கேளு.”

அம்மா தீவிலிருந்து எறணாகுளத்துக்குப் படகில் திரும்பியிருக்கிறாள். ஆனால் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மறுபடி டிக்கெட் வாங்கி அதே படகில் ஏறியிருக்கிறாள். கரைக்கு வந்ததும் மறுபடியும். ரயிலுக்கு நேரமாகும் வரைக்கும் அந்தப் படகிலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், உட்காராமல், ஓரக் கம்பியைப் பிடித்து நின்றபடி.

“பயமா இல்லையாம்மா?”

“பயந்தான். ஆனா அதுலேர்ந்து பாத்தாதானே கப்பல் நல்லாத் தெரியுது. நீ எந்த ஜன்னல்ல இருக்கேன்னு தெரியல. அதான் எல்லாத்துக்கும் கையக் காட்டினேன்.”

நான் இருந்த கீழ்த்தள அறைக்கு ஜன்னலே கிடையாது. அதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எத்தனையோ துறைமுகங்களைப் பார்த்துவிட்டேன். எங்கே நின்றாலும் கப்பலைத் தாண்டி உள்ளூர்க்காரர்கள் போகும் சின்னப் படகு ஏதாவது ஒன்று இருக்கும். அதில் ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தால், அவள் யாருக்குக் கை காட்டுகிறாளோ என்று நானும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். எனக்குத் தெரியாமலேயே எனக்காக நீட்டப்பட்ட கைகள் இன்னும் எத்தனை இருந்திருக்கும் என்று அப்போதெல்லாம் தோன்றும்.

எங்கள் கப்பலில் வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்து ஒருவரை ஒரு பயணத்துக்கு அழைத்துப் போகலாம். வரும் பயணத்துக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன், வெளிப்பக்கம் ஜன்னல் உள்ள அறை வேண்டும் என்று கேட்டு.