யமுனைக்குப் போகவிருந்த டப்பா

அகன்ற வாயுள்ள வெள்ளை பிளாஸ்டிக் டப்பா அது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் என் பெயர், வயது. உள்ளே மருந்துத் தண்ணீரில், சுண்டுவிரல் நீளத்துக்கு, என் வயிற்றிலிருந்து வெட்டியெடுத்த குடல்வால். ஆபரேஷன் முடிந்ததும் அதை என் மனைவியின் கையில் கொடுத்து, வழக்கமான பரிசோதனைதான், லேபில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியது வீட்டார்தான்.

அவளோ மயூர் விஹாரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். வலிதான் போய்விட்டதே, இனி எதற்குப் பரிசோதனை என்று நானும் தலையாட்டினேன். அந்த அசட்டுத்தனத்தில் எனக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. ஆனால் மனுஷ உடம்பின் துண்டைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. தில்லியில் பலர் பூஜைப் பூ வாடினாலும் குப்பையில் போடமாட்டார்கள். பையில் கட்டிவைத்து, பாலத்தைக் கடக்கும்போது யமுனையில் விடுவார்கள். இத்தனை வருஷ வாசத்தில் அந்தப் பழக்கம் எங்களுக்கும் தொற்றியிருந்தது. பால்கனியில் தொங்கிய பூப்பைக்குள் என் குடல்வாலும் போய்ச் சேர்ந்தது.

நான் வீடு திரும்பிய அன்று மாடி வீட்டு சிஸ்டர் பார்க்க வந்தார். நாகர்கோவில்காரர், தில்லி ஆஸ்பத்திரிகளில் நர்ஸாகவே தலை நரைத்தவர். பிளாக்கில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இறங்கி வருவார், திட்டிக்கொண்டேதான் வருவார். அவர் திட்டாவிட்டால் நோய் முற்றிவிட்டதோ என்று எங்களுக்குப் பயம் வந்துவிடும். தையலைப் பார்த்துவிட்டு, "டப்பாவ லேபுல குடுத்தாச்சா?" என்றார். என் மனைவி பால்கனியைக் காட்டினாள்.

"அடப்பாவிகளா! ஆத்துல கொண்டு விடுகதுக்கு இது என்ன அஸ்தியா? ஆளு உசிரோடதானே கெடக்கு!"

பூவை உதறி டப்பாவை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். மெட்ரோ நெரிசலில், டப்பா சாய்ந்துவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, வழி முழுக்க நின்றுகொண்டே போனாராம்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தவர் திட்டவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னக் கட்டி ஒண்ணு இருந்திருக்கு மக்ளே. வெட்டுன ஓரம் வரைக்கும் நிக்கி. உள்ள மிச்சம் இருக்கலாம், இன்னொரு ஆபரேஷன் பண்ணி எடுத்துரணும். இப்பமே போனா பயமில்ல."

"நானே ஆத்துல போட்டிருப்பேனே சிஸ்டர்!" என்று என் மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போடல்லல்லா? பொறவு என்ன? எழும்பு, அவனுக்குக் கஞ்சி வை" என்றார் சிஸ்டர்.

இரண்டாவது ஆபரேஷனில் மிச்சத்தையும் எடுத்தார்கள். இன்று நன்றாகவே இருக்கிறேன். சிஸ்டர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். வருஷா வருஷம் எடுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட் முதலில் அவருடைய வாட்ஸ்அப்புக்குத்தான் போகும். இந்த முறை போனில் பேசும்போது, இத்தனை நாள் மனசில் இருந்ததைக் கேட்டேவிட்டேன்: அன்றைக்கே உங்களுக்குச் சந்தேகம் இருந்ததா?

"சத்தியமா இல்ல மக்ளே. எத்தன டப்பா பாத்திருக்கேன்! ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுதான் கொண்டு போனேன்."

ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டே ஒரு மனுஷி எனக்காக அவ்வளவு தூரம் நின்றபடி போயிருக்கிறார். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.