இறக்காமத்தில் வென்ற மெட்ச்

வென்ற பிறகும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வீடு போகிற மனிதர்களை நான் இங்கிலாந்துக்கு வந்துதான் கண்டேன். போன சனிக்கிழமை எங்கள் டவுன் அணி வெளியூர் போய் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. இடைவேளை வரைக்கும் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்குக் கண்ணூறு கழிக்க வேண்டும். மூன்று கோல், மூன்றும் முத்து. இடைவேளைக்குப் பிறகு யாரோ காலைக் கட்டிவிட்டதைப் போல நின்று இரண்டு கோலை வாங்கினார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியிராவிட்டால் வெற்றியும் இல்லை. எப்படியோ வென்றாயிற்று. திரும்பி வரும் கோச் பஸ்ஸில் ஒரு பாட்டு, ஒரு கைதட்டலாவது இருக்கும் என்று பார்த்தேன். மூச்! முன்சீட்டுக் கிழவர் ஜன்னலைப் பார்த்து "வெட்கக்கேடு" என்றார். என்னோடு பிஸ்கட் ஃபெக்டரியில் வேலை செய்யும் கெவின், ஃபுளாஸ்க்கைத் திறந்தபடி "குப்பை" என்றான்.

"நாங்கள் வென்றோம்தானே?" என்று கேட்டேன். கெவின் என்னைப் பாவம் பார்ப்பதைப் போலப் பார்த்தான். "வென்றோம். அதற்காக நன்றாக ஆடினோம் என்று ஆகிவிடுமா?" என்றான். இந்த டவுனுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. ஆரம்பத்தில் இந்தப் புலம்பல் எனக்கு எரிச்சலைத் தந்தது. கிடைத்ததைக் கொண்டாடத் தெரியாத சனம் என்று திட்டினேன். இப்போது அப்படித் திட்டுவதில்லை. வென்றதைச் சத்தமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர்கள்மேல் எனக்குப் பொறாமைதான் வருகிறது.

"உன் ஊரில் வெளியூர் போய் வென்றால் என்ன செய்வீர்கள்?" என்று கெவின் கேட்டான். லொறியில் ஊர் சுற்றி வெடி கொளுத்துவோம் என்றேன். "ஆஹா, அதுதான் வாழ்க்கை!" என்று தொடையில் தட்டி, பின்சீட்டுக்காரர்களுக்கும் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவனுக்கு விளங்கவைக்க முடியாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்காவது எந்த ஊருக்கு அடுத்தது எந்த ஊர் என்று தெரியும்.

நான் மருதமுனைக்காரன். எங்களுக்குத் தெற்கே பாண்டிருப்பு, அதைத் தாண்டினால் கல்முனை பஸார். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மறுபடி முஸ்லிம் ஊர் என்று ஒரே வீதியில் கோத்துக் கிடக்கிறோம். ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் எங்கும் போக முடியாது. எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம் கடலடியில் இருந்தது. சுனாமி மைதானத்தையும் கொண்டுபோயிற்று, எங்கள் கோல் கீப்பரையும் கொண்டுபோயிற்று. என் உம்மாவையும்தான்.

உம்மாவை இரண்டாம் நாள்தான் கண்டோம். அலை அவரைப் பாண்டிருப்புப் பக்கம் இழுத்துப்போய்த் தாழைப் புதரில் விட்டிருந்தது. கண்டெடுத்தவன் லோகன். அதற்கு முன் அவனை எனக்கு முகப்பழக்கம் மட்டும்தான். உடம்பில் துணியில்லாமல் கிடந்த முஸ்லிம் பெண்ணை அவன் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஓடித் தன் அம்மாவைக் கூட்டி வந்திருக்கிறான். அந்த அம்மா அலுமாரியிலிருந்த தன் புதுச் சேலையை எடுத்து வந்து உம்மாவை மூடி, நாங்கள் போய்ச் சேரும்வரை வெயிலில் பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஜனாஸாவைத் தூக்கும்போது லோகனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். இதை நான் சாகும்வரை மறந்தால் எனக்கு ஆண்டவனிடத்தில் பதில் இல்லை.

ஆறு மாதம் கழித்துக் கழகத்தை மறுபடி கூட்டியபோது கோல் காக்க ஆளில்லை. லோகனைப் போய்க் கேட்டேன். "ஓம், வாறன்" என்றான். நாலு வருடம் எங்கள் கோல் கம்பங்களுக்கு நடுவே பாண்டிருப்புப் பொடியன் நின்றான். எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்தான், அவர்கள் வீட்டில் நான் தைப்பொங்கல் தின்றேன். இதற்கிடையே இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டையும் நடந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. அவனுடைய அக்கா கலியாணம் முடித்து முல்லைத்தீவுப் பக்கம் போனவர். அது எனக்குத் தெரியும். அங்கே என்ன நடக்கிறதென்றும் ரேடியோவில் கேட்கிறேன். "அக்கா எப்படி இருக்கிறா?" என்று ஒருநாளாவது நான் கேட்கவில்லை. கேட்டால் வேறு பல கதைகள் வரும் என்று பயம். எங்கள் ஆட்களிலும் அந்தச் சண்டையில் மௌத்தானவர்கள் இருந்தார்கள். அந்தக் கணக்கு வழக்குக்குள் போகாமல் இருக்கத்தான் பந்தைப் பற்றியே கதைத்தோம்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூரில் வென்றால், லொறி நேரே கழகத்துக்கு வராது. அன்றைக்கு அணியைக் காப்பாற்றியவன் எவனோ அவன் வீட்டு வாசலில் நின்று, ஒரு முழு வெடிக்கட்டைக் கொளுத்தி, அவன் உம்மாவை வெளியே கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வரும். அவனும் வேணாம் வேணாம் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். சொன்னவனை யாரும் கேட்பதில்லை.

சண்டை முடிந்தது என்று அரசாங்கம் அறிவித்த அதே வாரம் எங்களுக்கு இறக்காமத்தில் மெட்ச். தள்ளிப் போட்டிருக்கலாம். தள்ளிப் போடவேண்டும் என்று எங்களில் ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை. லோகனும் வந்தான். அவன் அன்று வாயே திறக்கவில்லை. கோல் கீப்பர்கள் மெட்சுக்கு முன் அப்படித்தான் இருப்பார்கள் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இடைவேளைக்குள் மூன்று கோல் போட்டோம். வயல்பக்கக் காற்று எங்கள் பக்கம் அடித்தது, தொட்டதெல்லாம் கோலாயிற்று. பிறகு காற்று மாறியது. இறக்காமத்துப் பிள்ளைகள் இரண்டைத் திருப்பினார்கள். கடைசி நிமிடத்தில் பந்து என் கையில் பட்டது. பட்டதென்ன, தலைக்கு மேலே போன பந்தைப் பதற்றத்தில் நானே கையால் தட்டினேன். பெனால்டி. எங்களோடு ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. லோகன் வலது பக்கம் பாய்ந்து பந்தை வெளியே தள்ளினான். விசில் ஊதியதும் நான் ஓடிப்போய் அவனைத் தூக்கினேன். என் மானத்தைக் காப்பாற்றியவன். அவன் உடம்பு மரக்கட்டையாக விறைத்திருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

மாவடிப்பள்ளியைத் தாண்டுவதற்கு முன் சோதனைச் சாவடியில் லொறியை மறித்தார்கள். மற்ற நாளென்றால் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். அன்று காவலில் நின்ற ஆமிக்காரர்களுக்கு நல்ல குஷி. கொடியும் கூச்சலுமாக வந்த எங்களைப் பார்த்து, நாங்களும் தங்களைப்போலச் சண்டை முடிந்ததைத்தான் கொண்டாடுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து லொறியின் முன்னால் நாட்டின் சிங்கக் கொடியொன்றைக் கட்டினார். அவிழ்க்க டிரைவருக்குத் தைரியம் வரவில்லை; வழியில் இன்னும் சாவடிகள் இருந்தன. கல்முனையை அடைவதற்குள் அந்தக் கொடி அங்கே இருப்பதையே நாங்கள் மறந்துவிட்டோம். லோகன் மட்டும் லொறியின் மூலையில், வெளியே தலை தெரியாதபடி குந்தியிருந்தான்.

கல்முனை பஸாரில் நான் வெடிக்கட்டை வெளியே எடுத்தேன். லோகன் என் கையைப் பிடித்தான்.

"மச்சான், எங்கட வீட்டடியில நிப்பாட்டாதீங்கடா. வெடி வேணாம்."

"இரிடா. மாப்பிள்ளை கணக்கா வெக்கப்படுறாய்."

"உண்மையாச் சொல்றன்டா. வேணாம்."

"போன முறை றிஸ்வானும் உண்மையாத்தான் சொன்னவன்!" என்று யாரோ கத்த, லொறியே குலுங்கிச் சிரித்தது. றிஸ்வான் என்ற எங்கள் விங்கர் எழுந்து நின்று சலாம் போட்டான். லோகன் என் கையை விட்டுவிட்டான்.

வாசலில் லொறி நின்றது. மற்றவர்கள் கொளுத்தப் போனபோது, இல்லை, நான்தான் கொளுத்த வேண்டும் என்று பறித்துக்கொண்டு குதித்தேன். என் நன்றியைக் காட்ட எனக்கு அதைவிட வேறு வழி தெரியவில்லை. வெடி வெடித்த வேகத்தில் அக்கம்பக்கத்துக் கேற்றுகளெல்லாம் திறந்தன. யாரும் சிரிக்கவில்லை. லோகனின் அம்மா வெளியே வந்தார். முதலில் கொடியைப் பார்த்தார். பிறகு புகைக்குள் நெருப்புக் கொள்ளியோடு நின்ற என்னைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

"தம்பி, என்ட புள்ள இரிக்கிறாளா இல்லையா எண்டே எங்களுக்குத் தெரியா. நீங்க என்னத்துக்கு மனே இஞ்ச வந்து வெடி கொளுத்துறீங்க?"

மெட்சில் வென்றோம் என்று சொல்ல வாயெடுத்தேன். கொள்ளியைக் கீழே போட்டேன். லோகன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். என்னைத் தாண்டிப் போகும்போது, "நான் சொன்னன்தானே மச்சான்" என்றான். கோபமாகக்கூட இல்லை.

அடுத்த நாள் போயிருக்க வேண்டும். நான் இரண்டு வாரம் கழித்துப் போனேன். நிலைமை சரியில்லை என்று காரணம் சொன்னாலும், உண்மையில் நான் ஒரு கோழை. லோகன் துவைத்து மடித்த ஜேர்சியையும் கையுறையையும் கொண்டுவந்து தந்தான். மன்னித்துக்கொள் என்று சொல்லப் போனவன் நான். என் வாயிலிருந்து வந்ததோ, "வாற வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதோட மெட்ச்" என்பதுதான்.

"இத விட்டா உனக்கு வேற கதையே இல்லையாடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். அதன் பிறகு அவன் எங்களுக்காக ஆடவில்லை. அக்காவைப் பற்றி இன்றுவரை தகவலும் இல்லை.

இதைக் கெவினிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், என் ஆங்கிலம் போன அளவுக்கு. பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம் பிடிக்கவில்லை, அப்படித்தானே? இங்கேயும் அதே கதைதான். உடனே கவுன்சிலுக்கு போன் அடித்துவிடுவார்கள்" என்றான். ஓம் என்று தலையாட்டினேன். நாலு வருடம் லோகனோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்த நானே விளங்கிக்கொள்ளாததைக் கெவின் விளங்கிக்கொள்ளவில்லை என்று குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

போன வருடம் ஊருக்குப் போனேன். லோகனின் அம்மாவும் மகளைப் பார்த்திருந்து பார்த்திருந்து போய்ச் சேர்ந்துவிட்டாராம். பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் பாண்டிருப்புக்கு நடந்து போனேன். பிஸ்கட் மெஷினுக்கு முன்னால் நின்று நின்று பதின்மூன்று வருடம் கட்டி வைத்த ஒரு பேச்சு மனதில் இருந்தது. லோகன் கேற்றடிக்கு வந்தான். தலை நரைத்து, அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தருக்குரிய தொப்பையும் போட்டிருந்தான். கேற்றைப் பாதி திறந்தான். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எப்ப வந்த?"

"திங்கக்கிழம. அம்மாட விசயம் இப்பதான் கேள்விப்பட்டன்."

"ம்."

"லோகன், அண்டைக்கு..." என்று நான் தொடங்கியபோது, கல்முனைப் பக்கமிருந்து கூச்சலோடு ஒரு லொறி வந்தது. எங்கள் கழகத்தின் கொடி. எங்கோ வென்றுவிட்டு வருகிறார்கள். ஆனால் கோயில் வளைவு வந்ததும் கூச்சல் நின்றது. கொடியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். டிரைவர் ஹோர்ன் அடிக்காமல் மெதுவாக ஓட்டினார். பாண்டிருப்புக்குள் சத்தம் கூடாதென்று கழகத்தில் சட்டம் போட்டிருப்பதாக என் மருமகன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. அப்படித்தான் வழக்கம் என்றான். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் இதையாவது கற்றுக் கொடுத்தோமே என்று எனக்குள் ஒரு பெருமை எழுந்தது. அதை லோகன் என் முகத்தில் கண்டிருக்க வேண்டும்.

"உங்கட பொடியன்மார் இப்ப நல்ல மரியாதை" என்றான். "ஆக்களே இல்லாத ஊரால போற மாதிரிப் போவானுகள். அந்த லொறிக்குள்ள நல்லாப் பாரு மச்சான். இஞ்சயிருந்து ஒருத்தன் இரிக்கானா?"

பார்த்தேன். ஒருத்தனும் இல்லை. லொறியிலிருந்த பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். என்னை அடையாளம் தெரிய அவர்களுக்கு வயது போதாது. பாண்டிருப்பு வாசலொன்றில் நிற்கும் யாரோ ஒரு ஆள் என்று நினைத்து, மையத்து வீட்டைத் தாண்டுகிறவர்களைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

லொறி ஊர் எல்லையைக் கடந்ததும் மருதமுனைப் பக்கம் வெடி வெடிக்கத் தொடங்கியது. லோகன், "சரி, நீ போ. இருட்டப் போகுது" என்று சொல்லிக் கேற்றைச் சாத்தினான். உள்ளே கொண்டி போடும் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் வெடி ஓயும்வரை நான் அந்த மூடிய கேற்றுக்கு வெளியே, பாண்டிருப்பு வீதியில் நின்றேன்.