கண்டக்டர் ராசப்பனின் பேரப்பிள்ளைகள்

1963இல் கோர்ட்டில் விவாகரத்து ஆனபோது, மட்டுவார்குழலியின் பிள்ளைகள் இருவரும் திருவானைக்காவலுக்குத் தகப்பனோடு போனார்கள். தாய்வீட்டு ஆள் யாராவது பிள்ளைகளிடம் பேசினால், சேலத்தில் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அவர் சொல்லியனுப்பினார்.

மட்டுவார்குழலியின் அப்பா ராசப்பன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஐம்பத்தாறு வயது. திருவெறும்பூர் ரூட்டிலிருந்து ஸ்ரீரங்கம் ரூட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் அந்த பஸ்ஸில்தான் திருச்சி டவுனில் சத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

"மோட்சத்துக்கு டிக்கெட் கிழிக்க வந்துட்டீங்களாண்ணே?" என்று டிரைவர் அற்புதசாமி கேட்டார். ராசப்பன் சிரித்துவைத்தார்.

பேத்தி அகிலாவுக்குப் பதினொன்று, விஷயம் தெரியும். ஆறு வயது அழகிரியை, பஸ்ஸில் தாத்தா என்று கூப்பிடக் கூடாதென்று அவள்தான் பழக்கினாள். ராசப்பனும் கண்டக்டர் பேசக்கூடியதை மட்டும் பேசினார். கம்பியைப் பிடி, உள்ளே வா, படியில் நிற்காதே. வீடு திரும்பியதும் மகள், பிள்ளைகள் என்ன சட்டை போட்டிருந்தார்கள், இளைத்திருக்கிறார்களா என்று கேட்பாள். ஒன்று விடாமல் சொல்வார்.

ஐப்பசியில் ஒரு காலை, காவிரிப் பாலத்தில் மாடு குறுக்கே வந்து பஸ் சடாரென்று நின்றது. முன்சீட்டுக் கம்பியில் மோதி அழகிரியின் உதடு கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவன் எல்லாவற்றையும் மறந்து, "தாத்தா" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

அவர் இரண்டு சீட் தள்ளி நின்றிருந்தார். பிள்ளைகளின் எதிர்வீட்டு லூர்துராணி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவள் பார்ப்பது சாயங்காலமே அந்தத் தகப்பன் காதுக்குப் போய்விடும்.

"இந்தப் பையன்கூட யாரும்மா வந்திருக்கறது?" என்றார் ராசப்பன்.

"நான்தான்," என்றாள் அகிலா.

லூர்துராணி பையனை மடியில் இழுத்து, முந்தானையால் உதட்டை அழுத்தினாள். "வயசான ஆளப் பாத்தா தாத்தாங்குது, பாவம்."

"ஆமாங்க," என்றார் ராசப்பன். அடுத்த ஆளுக்கு இரண்டு டிக்கெட்டைச் சேர்த்துக் கிழித்துவிட்டார்.

அன்று மகள் கேட்டபோது, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

சேலத்துக்கு யாரும் போகவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் ஏறினார்கள். அழகிரியின் உதட்டில் பொருக்கு தட்டியிருந்தது. கம்பியைப் பிடிக்கச் சொன்னார் ராசப்பன். அவன் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"நாளைலேருந்து வேற பஸ்ஸுல போலாம்க்கா."

அகிலா தாத்தாவை ஒரு தடவை பார்த்தாள்.

"சரி," என்றாள்.