குரங்கைக் கண்டால் கைப்பொத்தான்

ஊரில் குரங்கைக் கண்டால் ஆஞ்சநேயா என்று கை குவிப்போம். இங்கே மலேசியாவில், ஜொகூரில் குரங்கைக் கண்டால் நான் முழுக்கைச் சட்டையின் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போடுகிறேன். கடைக்கு எதிரே கரண்டுக் கம்பியில் வால் தொங்க ஒன்று உட்கார்ந்திருக்கும். அரிசி விலை சொல்லிக்கொண்டே என் விரல் தானாகப் பொத்தானைத் தேடும். சிவகங்கைப் பக்கம் இதைப் படிக்கிற பங்காளிகள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். குரங்கு மலேரியாவில் படுத்து எழுந்தவன் நம் வகையறாவிலேயே நான் ஒருவன்தான்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரு தகரப்பெட்டியோடு இங்கே இறங்கி, உறவுக்காரர் கடையில் வெங்காயம் பொறுக்கினேன். காஹாங்கில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினேன். நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி அட்டை வாங்கி, அது குடிமகனுக்கான நீல ஐசியாகி, இன்றைக்கு உலு திராமில் சொந்த மளிகைக் கடை, காஹாங்கில் ஐந்து ஏக்கர் செம்பனை. கூலிக்குக் குலை வெட்டிய அதே வட்டாரத்தில் நிலம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். போன வருஷம் அங்கே குடிசை போட்டுத் தங்கி வேலி கட்டினேன். உலு திராம் திரும்பியதும் நடுக்கம். பல் கிட்டிப்போனது. காட்டில் குரங்கைக் கடித்த கொசு என்னையும் கடித்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிழைத்து வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி கமலம் ஆரம்பித்துவிட்டாள். இங்கேயே, பெக்கோக் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள்.

"நிலத்த வித்துடுங்க. அந்த மரத்துக்கு நீங்களே உரமாப் போணுமா? பக்கத்துத் தோட்டத்துச் சீன முதலாளி, அந்தத் தவுக்கே, விலைக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு."

"ஒரு தடவ வந்தா மறுபடி வராது. என் உடம்பு இரும்பு."

"இரும்புதான். நடுங்குனதுல கட்டிலே ஆடுச்சு."

அந்த நேரத்தில்தான் அய்னி என்ற மலாய்ப் பெண் கடைக்கு வந்தாள். மலேரியாக் கிருமியின் புரதங்களை ஆராய்கிறவள். காய்ச்சல் வந்து பிழைத்தவர்களின் ரத்தம் வேண்டுமாம். படித்தவர்களே என் ரத்தத்தைத் தேடி வருகிறார்கள் என்றால் சும்மாவா? அதற்கு மேல் எனக்கொரு கணக்கும் இருந்தது. காய்ச்சல் இனி வராது என்று இவள் வாயால் சொல்லிவிட்டால் கமலம் அடங்குவாள், நிலம் தப்பும்.

அய்னி பொறுமையாக விளக்கினாள். நான் விளங்கிக்கொண்டது இது. கிருமி ரத்தத்துக்குள் நுழையும்போது தன்மேல் சில புரதங்களைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு வருகிறது. உடம்பு அந்தச் சட்டையை நினைவில் வைத்து, அதைப் பிடிக்க ஆள் தயார் செய்கிறது. இவர்கள் கிருமியே இல்லாமல் சட்டையை மட்டும் தனியாகச் செய்து, சின்னச் சின்னக் குழிகளில் ஒட்டவைத்து, என் ரத்தத்தில் மேலே தெளியும் நீரை அதில் விடுகிறார்கள். ரத்தத்துக்குச் சட்டை அடையாளம் தெரிந்தால், கடைசியில் குழியில் மஞ்சள் நிறம் ஏறும். திருடனைக் கொண்டுவராமல் அவன் சட்டையை மட்டும் தொங்கவிட்டு, இது யாருடையது என்று ரத்தத்தைக் கேட்கிற வேலை.

ரத்தம் எடுக்க உட்கார்ந்தேன். குலை வெட்டிக் காய்த்த வலது கையில் நரம்பு அகப்படவில்லை. குத்திப் பார்த்துவிட்டு, "பாக்சிக், இடது கையைக் கொடுங்கள்" என்றாள் மலாயில்; பாக்சிக் என்றால் மாமா. நான் மாட்டேன் என்றேன். கடையில் மீதிச் சில்லறையைக்கூட இடது கையால் கொடுக்காதவன், உடம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதையா இடது கையால் கொடுப்பேன்? வலிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, கொஞ்ச நேரம் தைரியம் சொன்னாள். காரணத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. அவர்களுக்குள்ளும் இடது கையால் கொடுப்பது மரியாதைக் குறைவுதான். யோசித்துவிட்டு, "வலது கையால் இடது கையைத் தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் கொடுத்ததாக இருக்கும்" என்றாள். அப்படியே கொடுத்தேன். ரத்தம் நிரம்பிய சின்னக் கண்ணாடிக் குழாயை அவளும் இரண்டு கையால்தான் வாங்கினாள்.

ஆளுக்கு ஆள் முடிவு சொல்வது அவர்களுக்கு வழக்கம் இல்லையாம். விடாமல் கேட்டு வாங்கினேன். ஜொகூர்க் குரங்குக் கிருமியின் சட்டைக்கு நல்ல மஞ்சள். பக்கத்துக் குழியில், இந்தியாவில் அதிகம் காணும் வேறொரு மலேரியாவின் சட்டைக்கும் லேசாக மஞ்சள். "சின்ன வயதில் காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று நெல்லுச் சாக்கின் வாசனை வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சல். கம்பளி இல்லாத வீட்டில் அம்மா சாக்குச் சாக்காக என்மேல் போட்டு, அதன்மேல் தானும் சாய்ந்து அழுத்திக்கொள்வாள். சர்க்கார் ஆட்கள் சுவருக்கு மருந்தடித்துவிட்டுக் கதவு நிலையில் எண் எழுதிப் போவார்கள். அதைத்தான் ரத்தம் இன்னும் வைத்திருக்கிறது என்றேன். "இருக்கலாம். இரண்டு கிருமியும் உறவு. ஒன்றின் சட்டையை இன்னொன்றுடையது என்று உடம்பு எடுத்துக்கொள்வதும் உண்டு. உறுதியாகச் சொல்ல முடியாது" என்றாள். அவளுக்கு உறுதி இல்லாமல் போகட்டும். எனக்கு உண்டு.

வீட்டில் சொன்னேன். கமலம் கேட்டுவிட்டு, "பரவால்ல, உங்க ரத்தமாச்சும் படிச்சிருக்கு" என்றாள். பிறகு அய்னிக்கு அவளே போன் போட்டாள். "இனிமே வராதா?" அய்னி வராது என்று சொல்லவில்லை. மஞ்சள் வந்தால் முன்னால் வந்துபோனதற்கு அடையாளம், காவலுக்கு உத்தரவாதம் இல்லை என்றாள். என் கணக்கு போயிற்று என்று நினைத்தேன். தவுக்கேயின் முகம்கூட கண்முன் வந்துவிட்டது. ஆனால் கமலம் போனை வைக்கவில்லை. அந்தக் கொசு எப்போது கடிக்கும் என்று கேட்டாள். பொழுது சாய்ந்த பிறகுதான் அதிகம் என்று பதில் வந்தது.

"கேட்டீங்களா? பகல்ல போலாம். நானும் வருவேன். வெயில் இறங்குறதுக்குள்ள வண்டியில ஏறலன்னா, மறுநாள் தவுக்கே கையில பத்திரம்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போகிறோம். குடிசையைப் பிரித்துவிட்டேன். நிலம் என் பெயரிலேயே இருக்கிறது. போன வாரம் சாப்பிட்ட பாத்திரத்தைக் கட்டும்போது வேலியின்மேல் ஒரு பெரிய குரங்கு வந்து உட்கார்ந்து, எங்களைச் சொந்தக்காரன் மாதிரி பார்த்தது. கமலம் வண்டியிலிருந்து ஹாரன் அடித்தாள். நான் சட்டைக் கையை இறக்கினேன், பொத்தானைப் போட்டேன். போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன்.