மோடம் வாயை மூடிய பிறகு

எங்கள் ராயபுரம் வீட்டுக்கு மோடம் வந்தபோது அதை ஏதோ பிராணி என்றுதான் நினைத்தேன். கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. ஆபீசில் ஒதுக்கிப்போட்ட கம்ப்யூட்டரையும் போன் லைனில் மாட்டி நெட் பிடிக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியையும் ஆட்டோவிலிருந்து கல்யாணப் பெண்ணை இறக்குகிற மாதிரி பார்த்துப் பார்த்து இறக்கினார். அப்பா சரக்குக் கப்பலில் ஃபிட்டர். கப்பல் கரை தொட்டால் அவர் அங்கே நெட் சென்டருக்குப் போய் மெயில் போடுவார், மாமா இங்கே எங்களுக்குப் படித்துக்காட்டுவார் என்று ஏற்பாடு.

அந்த ஐப்பசியில் வங்கக் கடலில் புயல். அப்பாவின் கப்பல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது. போனும் இல்லை, மெயிலும் இல்லை. அக்கம்பக்கத்தார் வந்து விசாரித்தார்கள். அவர்கள் விசாரித்த விதமே சரியில்லை. அம்மா காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. அன்றைக்கு வீட்டில் மீன்கூட வாங்கவில்லை. அப்படியென்றால் விஷயம் பெரிது என்று எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் கொட்டுகிற மழையில் மாமா வந்து மோடம் முன்னால் உட்கார்ந்தார். அது நம்பரைச் சுற்றியது, விசில் அடித்தது, தொண்டையைக் கிழித்துக்கொண்டு கரகரவென்று கத்தியது, லைன் கிடைக்காமல் விட்டுவிட்டது. மறுபடியும் அதே கதை.

“உப்புக் காத்துல ஒயரு அரிச்சிப் போச்சி. மழ வேற. ஒரே பேஜாரு” என்றார் மாமா.

“ஏன் மாமா இது இப்டி கத்துது?”

“கத்தல பாப்பா, பேரம் பேசுது. நம்ம பொட்டி, ‘நான் இவ்ளோ வேகமாப் பேசுவேன், உனுக்குக் கேக்குமா’ன்னு கேக்குது. அந்தாண்ட கீற பொட்டி, ‘லைன்ல இரைச்சலா கீது, மெதுவாப் பேசு’ன்னுது. ரெண்டும் ஒத்துக்கினாத்தான் வேல நடக்கும்.”

ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு பெட்டிகள், நீ எந்த வேகத்துக்குத் தாங்குவாய் என்று கேட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கின்றன. எங்கள் தெருக் குழாயடியில் அப்படிக் கேட்டு ஆரம்பித்த ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

“மத்த நாள்ல அப்புறம் ஏன் கம்முனு ஆய்டுது?”

“ஒத்துக்கினதும் ஸ்பீக்கரு மூடிக்கும். நாம கேட்டு இன்னா ஆவப்போது? ஆனா சத்தம் நிக்காது பாப்பா. லைனுக்குள்ள போய்க்கினேதான் கீது. உங்க நைனா எழுதுனதுகூட அந்தச் சத்தமாத்தான் வரும்.”

டீ கொண்டுவந்த அம்மா தம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“அந்தச் சத்தத்துலயாடா?”

“ஆமாக்கா.”

அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த முறை மோடம் ஒருவழியாகப் பேரம் முடித்து அமைதியானது. மாமா நிமிர்ந்து உட்கார்வதற்குள் லைன் அறுந்தது. மறுபடி சுற்றினார், அமைதியானது, அறுந்தது. மாமாவின் நெற்றியெல்லாம் வியர்வை. “வேகமே வேணாம், தவழ்ந்துகினு வந்தாப் போதும்” என்று எதையோ தட்டினார். இந்தத் தடவை விசில் தாழ்ந்த குரலில் வந்தது. பிறகு அமைதி. ஜன்னல் வழியே சாரல் அடிக்கவே, துண்டு எடுத்துவர என்னை உள்ளே அனுப்பினார்.

உள்ளறையில் அதே லைனில் இன்னொரு போன் இருந்தது. நெட் ஓடும்போது அதை எடுத்தால் அறுந்துபோகும் என்று மாமா யாருக்கும் சொல்லவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ. அம்மா அதன் ரிசீவரைக் காதோடு சேர்த்துப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். பேசுகிற பக்கத்தை முந்தானையால் பொத்தியிருந்தாள், தன் மூச்சுக்கூட உள்ளே போய்விடக்கூடாது என்கிற மாதிரி. கண்கள் மூடியிருந்தன. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு இரைச்சல் ரிசீவரிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் திடீரென்று தடுமாறியது, மெல்ல ஒரு விசில் அடித்தது, புதிதாகப் பேரம் பேசிக்கொண்டதுபோல் இன்னும் நிதானமாக ஓட ஆரம்பித்தது. அறுந்துபோகவில்லை.

“அக்கா, மச்சான் மெயிலு. கொழும்புல கீறாரு, நல்லா கீறாரு” என்று முன்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

அம்மா ரிசீவரை உடனே வைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார். அம்மாவுக்கு அந்த எழுத்து தெரியாது. அப்பா அவளுக்கென்று எழுதுவதையும் மாமாதான் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பார். அம்மா கதவோரம் தலையைக் குனிந்தபடி நிற்பாள்.

“உக்காருக்கா, மொத்தமும் படிக்கிறேன்.”

“நான் கேட்டுட்டேன்டா. நீ பாப்பாவுக்குப் படி” என்று அம்மா அடுப்படிக்குப் போனாள்.

மாமா அதுவரை ஒரு வரிகூட உரக்கப் படித்திருக்கவில்லை, போனில் அம்மா கேட்டதோ வெறும் இரைச்சல். அம்மா எதற்காகப் பொய் சொல்கிறாள் என்றுதான் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.